ரோஸ் ஹெய்ல்ப்ரான்: வாசிப்பு நாட்குறிப்பு

பிப்ரவரி 3

இந்த வாரம் ரோஸ் ஹெய்ல்ப்ரான் என்ற இங்கிலாந்து வக்கீலை, பின்னாளில் நீதிபதியானவரை, விட்டு வெளியே வர முடியவில்லை. 1914இல் லிவர்பூலில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், அங்கேயே சட்டத்தில் முதல் வகுப்பு, லண்டனின் பாரிஸ்டர் சங்கங்களில் ஒன்றான கிரேஸ் இன்னில் உதவித்தொகை, 1939இல் பாரிஸ்டர். இங்கிலாந்தில் பெண்கள் பாரிஸ்டர் ஆகலாம் என்று சட்டம் வந்ததே 1919இல்தான், அதை நினைத்துக்கொண்டு படித்தால்தான் அவருடைய வேகம் புரிகிறது. 1949இல், 34 வயதில், ஹெலினா நார்மன்டனோடு சேர்ந்து கிங்ஸ் கவுன்சில், அதாவது அரசரின் பெயரால் தரப்படும் மூத்த வக்கீல் தகுதி, பெறுகிறார். இங்கிலாந்தில் அந்த இடத்துக்கு வந்த முதல் இரண்டு பெண்கள் இவர்கள்தான்.

பிப்ரவரி 5

கேமியோ வழக்கு. 1949 மார்ச்சில் லிவர்பூலின் கேமியோ சினிமா கொட்டகை மேனேஜரும் அவருடைய உதவியாளரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட ஜார்ஜ் கெல்லிக்காக வாதாடியவர் ரோஸ். ஒரு கொலை வழக்கில் பெண் ஒருவர் தலைமை வக்கீலாக நின்றது இங்கிலாந்தில் அதுவே முதல் தடவை. முதல் விசாரணையில் ஜூரி ஒத்துப்போகவில்லை, மறுவிசாரணையில் குற்றவாளி என்றார்கள், 1950 மார்ச் 28 அன்று தூக்கிலிட்டுவிட்டார்கள்.

2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வேறொருவன் கொலையை ஒப்புக்கொண்டதாக ஒரு சாட்சி போலீஸிடம் முன்பே சொல்லியிருக்கிறார், அந்தக் காகிதம் ரோஸின் கைக்கு வரவே இல்லை. அது கையில் இருந்திருந்தால் குறுக்கு விசாரணை எப்படிப் போயிருக்கும் என்று யோசித்து யோசித்து மனசு ஆறவில்லை. ரத்தானபோது ரோஸ் உயிரோடு இருந்தார், வயது 88.

பிப்ரவரி 8

1956இல் பர்ன்லி நகரின் ரிக்கார்டர் (பகுதி நேர நீதிபதி), அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 1972இல் லண்டனின் மத்தியக் குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லியில் நீதிபதியாக உட்கார்ந்த முதல் பெண். ஆனால் உயர் நீதிமன்ற நீதிபதிப் பதவி கிடைக்க 1974 வரை இழுத்தது, அங்கே எலிசபெத் லேன் என்ற பெண் 1965இலேயே நீதிபதியாக வந்துவிட்டார். கொலை வழக்குகளில் பேர் எடுத்தவரைக் கடைசியில் குடும்பப் பிரிவில் போட்டார்கள். இது எனக்குச் சரியாகவே படவில்லை.

பிப்ரவரி 9

அவர் செய்ததிலேயே பெரியது இதுதான் என்பேன். 1975இல் மார்கன் என்ற பாலியல் வல்லுறவு வழக்கின் தீர்ப்பில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, பெண் சம்மதித்தாள் என்று ஒருவன் உண்மையிலேயே நம்பியிருந்தால், அந்த நம்பிக்கைக்கு நியாயமான காரணம் இல்லாவிட்டாலும் அது பாலியல் வல்லுறவு ஆகாது என்றது. நாடே கொதித்தது. உடனே அமைத்த ஆய்வுக் குழுவுக்கு ரோஸ் தலைவர். புகார் கொடுத்த பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது, அவளுடைய பழைய உறவுகளைக் கிளறும் கேள்விகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று குழு சொன்னது, 1976இல் இரண்டும் சட்டமாயின. எத்தனையோ வருஷம் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களுக்காக வாதாடியவர், சாட்சிக் கூண்டில் நிற்பவளை ஒரு கேள்வி என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா?

பிப்ரவரி 12

1987இல், ஓய்வுக்கு முந்தைய வருஷம், ஒரு மாணவர் தன் முன்னாள் காதலியின் கருக்கலைப்பைத் தடுக்கச் சொல்லி ரோஸின் நீதிமன்றத்துக்கு வந்தார். ரோஸ் மறுத்தார். மேல்முறையீட்டிலும் அதே முடிவுதான்.