அப்போது லைட்தான்

"முகத்தில் பச்சை அடிக்கிறதே, தம்பி."

"காலையில்தான் திரையைச் சரிபார்த்தேன், சார்."

"அப்படியா? அப்போது லைட்தான்."

ஒளிப்பதிவாளர் கேமராவின் திரையிலிருந்து கண்ணை எடுத்து மேலே பார்த்தார். சுவரில் வீட்டுக்காரர் என்றோ மாட்டிய நான்கு டியூப் லைட்டுகள். லைட்மேனைக் கூப்பிட்டு, பச்சையைக் குறைக்கும் மெஜந்தாத் தாளான மைனஸ் கிரீன் ஜெலட்டினை அரை அளவில் சுற்றச் சொன்னார். பத்து நிமிடத்தில் சுற்றியாகிவிட்டது. திரையில் முகம் அழகாக வந்தது. ஷாட் போனோம்.

ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அவர் மறந்திருப்பார். படமும் வந்து போய்விட்டது. எனக்கு மட்டும் என் அந்த ஒரு வரி பல்லிடுக்கில் மாட்டிய நார்போல இருக்கிறது. நான் சொன்னதில் பொய் இல்லை. காலையில் ஐந்தரை மணிக்கே வந்து சரிபார்த்தேன். அதுதான் தொல்லை. பொய் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன்.

கேமராவோடு வரும் திரையை நிறத்துக்கு நம்பக் கூடாது என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஃபிரேம் பார்க்க, ஃபோகஸ் பார்க்க, மெனு மாற்ற. அதற்குத்தான் அது. நிறத்துக்கு மானிட்டர் இருக்கிறது. ஆனால் அன்றைய அறை மாடியில், குறுகலான படிக்கட்டுக்கு மேலே. மானிட்டரை மொட்டை மாடியில் கருப்புத் துணிக் கூடாரத்துக்குள்தான் வைக்க முடிந்தது. அவருக்கு மூட்டு வலி. ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஏறி இறங்க முடியாது என்பதால் முந்தின நாளே சொல்லிவிட்டார்: "அந்தச் சின்னத் திரையை மானிட்டரோடு ஒத்துப்போகிற மாதிரி செய்து கொடு. நான் அதையே பார்த்துக்கொள்கிறேன்."

முடியாது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அந்த வேலை பிடிக்கும், அதுவும் ஒரு காரணம்.

மானிட்டரைச் சரிபார்ப்பது சுலபம். கணினியிலிருந்து ஒவ்வொரு நிறக் கட்டமாக அனுப்பி, நிறம் அளக்கும் கருவியான புரோபைக் கண்ணாடிமேல் வைத்தால் அது அளந்துகொண்டே போகும். கேமராவின் திரைக்கு வெளியிலிருந்து எதையும் அனுப்ப வழியில்லை. லென்ஸ் பார்ப்பதையும், கேமராவுக்குள்ளேயே இருக்கும் கலர் பாரையும்தான் அது காட்டும். முதலில் பாரைத்தான் போட்டேன். ஐந்து அங்குலத் திரையில் ஏழு பட்டை. ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டர் அகலம். புரோபின் வாய் அதைவிடப் பெரிது. சாம்பல் பட்டைமேல் வைத்தால் பக்கத்து மஞ்சளும் சேர்ந்து உள்ளே போகிறது. பாயசத்தில் ரசம் கலந்த மாதிரியான அளவு வந்தது.

பாரை விட்டுவிட்டு, சாம்பல் அட்டையை லென்ஸுக்கு முன்னால் வைத்து, ஃபோகஸைக் கலைத்து, திரை முழுவதும் ஒரே சாம்பலாக நிரப்பினேன். அதே சிக்னலை மானிட்டருக்கும் அனுப்பி, சிக்னலின் நிறங்களைத் தனித்தனியாகக் காட்டும் பரேட் வரைபடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே உயரத்தில் வரும்வரை கேமராவின் வைட் பேலன்ஸை நகர்த்தினேன். சிக்னலில் இனி நிறம் கிடையாது. திரையில் நிறம் தெரிந்தால் அது திரையின் சொந்த நிறம். இந்த யோசனையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

திரை சூடாக அரை மணி நேரம் விட்டேன். பிரைட்னஸை இறக்கினேன். வெயிலில் தெரிவதற்காக இந்தத் திரைகளை மிகவும் பளிச்சென்று வைத்திருப்பார்கள், மானிட்டரோ 100 நிட்ஸ் வெளிச்சத்தில் நிற்கும். பிறகு மெனுவில் நிறத்தை நகர்த்தும் இரண்டு ஸ்லைடர்கள்: ஒன்று மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே, மற்றது பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் நடுவே. வீடியோவுக்கான தரமான ரெக் 709 கேட்கும் வெள்ளை, நிறத்தைக் குறிக்கும் இரண்டு எண்களில், 0.3127, 0.3290. நான் கொண்டுவந்து நிறுத்தியது 0.313, 0.330. ஸ்லைடரில் ஒரு புள்ளி தள்ளினால் இதைவிட மோசமாகும். அங்கேயே விட்டேன்.

கேமராவைத் தூக்கி மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் அதே சாம்பல். கேமராவின் சாம்பல் பச்சையாக இருந்தது.

கொஞ்சம்தான். வெந்த முட்டையில் மஞ்சள் கருவைச் சுற்றி வரும் வளையம்போல ஒரு சாயல். கண்ணை மூடித் திறந்தேன். இருந்தது. புரோபை மறுபடி வைத்தேன். எண் அதேதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கருவி ஒன்று சொல்லிக் கண் ஒன்று சொல்வது எங்கள் வேலையில் அதிசயம் இல்லை. இரண்டு திரைகளின் ஒளி வெவ்வேறு விதமாக உருவானால், எண் ஒன்றாக இருந்தும் கண்ணுக்கு வேறாகத் தெரியலாம். அந்த எண்களின் பூர்வீகமே அப்படி. 1920களில் இங்கிலாந்தில் ரைட் என்பவர் பத்துப் பேரையும் கில்டு என்பவர் ஏழு பேரையும் உட்காரவைத்து, சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கலந்து நிறத்துக்கு நிறம் பொருத்தச் சொன்னார்கள். அந்தப் பதினேழு பேரின் சராசரிக் கண்ணைத்தான் 1931இல் உலகத்துக்கே அளவாக வைத்தார்கள். இன்றைக்கு சென்னையில் என் பெட்டியிலிருக்கும் புரோப் கணக்குப் போடுவதும் அந்தப் பதினேழு பேரின் கண்ணால்தான். என் கண் பதினெட்டாவது. ஒளிப்பதிவாளரின் கண் பத்தொன்பதாவது, அதிலும் ஒன்றில் புரை அறுவை ஆகியிருந்தது.

ஆகவே கருவியை நம்பினேன். தூக்கம் போதாத கண், விடியற்காலை, கூடாரத்துக்குள் கசிகிற நீல வெளிச்சம். எதை நம்புவது என்று யாரைக் கேட்டாலும் கருவியைத்தான் சொல்வார்கள். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் வீட்டில் பெட்டியைத் திறந்தபோதுதான் கண்டுபிடித்தேன். புரோபின் மென்பொருள், அளக்கப்போகும் திரையின் பின்னொளி எந்த வகை என்று முதலில் கேட்கும். புரோபுக்குள் இருக்கும் வடிகட்டிகள் அந்தப் பதினேழு பேரின் கண்ணை முழுமையாக ஒத்திருப்பதில்லை, பின்னொளிக்குத் தகுந்தபடி ஒரு திருத்தம் போட்டால்தான் எண் சரியாக வரும். முன்பு வேறொரு திரைக்குத் தேர்ந்தெடுத்த வகை அப்படியே நின்றுவிட்டிருக்கிறது. சரியான வகையைப் போட்டு அதே திரையை அளந்தேன். 0.313, 0.341. பச்சை.

என் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அவருடைய கண்ணும், புரை எடுத்த கண்ணும் சேர்த்து.

உடனே அவருக்குப் போன் செய்யவில்லை. அன்றைக்கு வேறு இடத்தில் ஷூட்டிங், கேமராவை மறுபடி சரிசெய்து கொடுத்துவிட்டேன், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நேரில் பார்த்தபோது அவர் தயாரிப்பு மேலாளரோடு சண்டையில் இருந்தார். இப்படியே போய்விட்டது. பெரிய தப்பாகவும் தோன்றவில்லை. ரா ஃபைலாக, நிறத்தை முடிவுசெய்யாத மூலப் பதிவாகத்தானே எடுக்கிறோம், வைட் பேலன்ஸை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

மாற்றலாம், முழு ஃபிரேமுக்கும் சேர்த்து. அந்த அறையில் முகத்தின் ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், தெர்மாகோலில் பட்டு வருவது. மறு பக்கம் டியூப் லைட். ஜெலட்டின் சுற்றியது டியூபுக்கு மட்டும்.

படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் டிஐயில் கலரிஸ்ட் அந்தக் காட்சிக்கு வந்ததும் நிறுத்தினார். "ஜன்னல் பக்கம் சுத்தமாக இருக்கிறது. இந்தக் கன்னத்தில் மட்டும் மெஜந்தா. என்ன லைட் இது?" ஒளிப்பதிவாளர் முன்னால் குனிந்து பார்த்தார். "பழைய டியூப். பச்சை அடித்தது. ஜெலட்டின் போட்டோம். கொஞ்சம் அதிகம் போட்டுவிட்டேன் போலிருக்கிறது." போட்டுவிட்டேன் என்றார். நான் பின் சோபாவில் இருந்தேன். கலரிஸ்ட் கன்னத்தை மட்டும் தனியே பிரிக்க மாஸ்க் போட்டு, அந்தப் பெண் தலையைத் திருப்புகிற இடமெல்லாம் மாஸ்கைக் கூடவே நகர்த்தினார். பதினான்கு ஷாட். மாலை முழுவதும் அதற்கே போனது.

அப்போது வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வாக்கியம் போதும்: அன்றைக்குத் திரை பச்சையாக இருந்தது, சார், தப்பு என்னுடையது. நாக்கு நுனிவரை வந்தது. அதே நேரத்தில் இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. டியூபில் பச்சை இல்லையா? இருந்தது. டியூப் லைட்டுக்குள் இருப்பது பாதரச ஆவி, அது 546 நானோமீட்டரில் ஒரு பச்சைக் கோட்டைத் துப்பிக்கொண்டேதான் இருக்கும். ஃபிலிம் காலத்திலிருந்து எல்லா ஒளிப்பதிவாளரும் அதற்கு ஜெலட்டின் சுற்றியிருக்கிறார்கள். திரை சுத்தமாக இருந்திருந்தாலும் அவர் கால் மைனஸ் கிரீனாவது சுற்றியிருப்பார். என் தப்பு அரைக்கும் காலுக்கும் நடுவில் இருக்கிற கால். அந்தக் காலுக்காக, வெளியாள் இரண்டு பேர் இருக்கும் அறையில், பெரியவர் தன் மேல் போட்டுக்கொண்ட பழியை இறக்கிவைத்து அவரைச் சங்கடப்படுத்த வேண்டுமா?

நல்ல வாதம். இதைவிட நல்லதும் ஒன்று வைத்திருக்கிறேன். தியேட்டரின் டிஜிட்டல் புரொஜெக்டருக்கு விதித்திருக்கும் வெள்ளைப் புள்ளி 0.314, 0.351. என் திரையைவிடப் பச்சை. யாராவது டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பச்சை என்று எழுந்து வந்திருக்கிறார்களா? இந்த வாதத்தின் ஓட்டையும் எனக்குத் தெரியும். தியேட்டர் இருட்டு, கண் பத்து நிமிடத்தில் பழகிக்கொள்ளும். ஜன்னலுக்குப் பக்கத்தில், பகல் வெளிச்சத்தில், ஐந்து அங்குலத் திரை கண்ணைப் பழக்காது. அங்கே பச்சை பச்சையாகத்தான் தெரியும். ஓட்டை தெரிந்தும் இதை இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

பின்னொளி வகையைத் தப்பாகப் போட்டதை நான் பெரிதாக நினைப்பதில்லை. ஐந்தரை மணிக்கு யாருக்கும் வரும் தப்பு அது. என்னைக் குடைவது அந்த மூன்று வரிகள்தான். அவர் கேட்டது என்ன? "பச்சை அடிக்கிறதே." அது கேள்வியா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டதா? கேள்வி என்றால் எதைப் பற்றி, முகத்தைப் பற்றியா, திரையைப் பற்றியா? அவர் திரையைக் குறை சொல்லவே இல்லை. நான்தான் திரைக்கு வக்கீலாகப் போனேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னேன். ஏன் என்றால், அந்தப் பச்சை எனக்குக் காலையிலேயே தெரியும்.

அதே பச்சையைத்தான் நானும் பார்த்திருந்தேன். "எனக்கும் அப்படித்தான் தெரிகிறது, சார், ஒரு தடவை மேலே போய் மானிட்டரில் பார்த்துவிடலாம்" என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிடம். அவரால் படியேற முடியாவிட்டால் நான் ஓடிப்போய்ப் பார்த்து வந்திருப்பேன். மாறாக, எண்ணைச் சொல்லாமலேயே எண்ணின் குரலில் பேசினேன். அவர் தலைமுறைக்கு அந்தக் குரலிடம் மரியாதை உண்டு. படம் பிடித்து அனுப்பிவிட்டு பிரிண்ட் போடச் சிவப்பு, பச்சை, நீல ஒளி எவ்வளவு என்று லேபிலிருந்து வரும் பிரிண்டர் லைட் எண்களுக்காகக் காத்திருந்தவர்கள். 1 முதல் 50 வரை உள்ள கணக்கில், நடுவான 25க்குப் பக்கத்தில் மூன்றும் வந்தால் அன்றைக்கு நிம்மதி. தன் கண்ணைவிட லேபின் எண்ணை நம்பிப் பழகியவரிடம் "சரிபார்த்தேன்" என்றால், அவர் கண்ணைத்தான் விட்டுக்கொடுப்பார். விட்டுக்கொடுத்தார். அந்த "அப்படியா"வுக்கும் "அப்போது லைட்தான்" என்பதற்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளி இருந்தது. எனக்கு அது இப்போதும் கேட்கிறது. அல்லது நானாக அங்கே வைத்துக்கொண்டேனா, தெரியவில்லை.

இதற்குப் பிறகு எதை மாற்றினேன் என்று கேட்டால், பின்னொளி வகையை இரண்டு முறை பார்க்கிறேன். அளந்து முடித்ததும் சாம்பல் அட்டைக்குப் பக்கத்தில் என் கையை நீட்டி, திரையில் தோலைப் பார்க்கிறேன். கண்ணுக்கு ஒவ்வவில்லை என்றால், எண் என்ன சொன்னாலும், திரையின் ஓரத்தில் வெள்ளை டேப் ஒட்டி 'நிறம் பார்க்க வேண்டாம்' என்று எழுதிவிடுகிறேன். இது சரியான வழியா என்றும் சந்தேகம்தான். அப்படியென்றால் புரோப் எதற்கு, அளப்பது எதற்கு? என் கண் தப்பாக இருக்கிற நாளில் நல்ல திரைமேல் டேப் ஒட்டிக்கொண்டிருப்பேன்.

போன மாதம் ஒரு விளம்பரப் படம். ஒளிப்பதிவாளருக்கு என்னைவிட வயது குறைவு. டேப்பைப் பார்த்துவிட்டு, "இது என்ன, திரை பழுதா?" என்றார்.

"பழுது இல்லை. காலையில் சரிபார்த்தேன்" என்றேன்.

அவர் டேப்பை உரித்து, உருட்டி, என் கையிலேயே கொடுத்துவிட்டு ஃபிரேம் பார்க்கக் குனிந்தார்.