கெர்னல் மாறியதும் மவுண்ட் ஆகாமல் போன ஹார்ட் டிஸ்க்

வேளச்சேரி வீட்டில் பழைய ரவுட்டரின் யூஎஸ்பி போர்ட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் எப்போதும் செருகியே இருக்கும். அம்மா சேர்த்துவைத்த கச்சேரிப் பதிவுகளும் குடும்பப் படங்களும் அதில்தான். கணினியில் உபுண்டு லினக்ஸ் 16.04-ஐ எடுத்துவிட்டு 22.04 போட்டதும் அந்த டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அதாவது நெட்வொர்க் வழியாகக் கணினியில் திறக்கவில்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னல் 4.4 இருந்த இடத்தில் இப்போது 5.15.

முதலில் வந்தது பிழை எண் 22. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் பார்த்தால், எந்த டிஸ்க்கை எப்படி மவுண்ட் செய்வது என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் இருந்த 'செக்=என்டிஎல்எம்' செல்லாது என்று ஒரு வரி. பலவீனமான அந்தப் பழைய உள்நுழைவு முறையை 5.15-ல் அடியோடு எடுத்துவிட்டார்கள். சரி, அந்தச் சொல்லை நீக்கினேன். அடுத்து வந்தது 112: 'ஹோஸ்ட் இஸ் டவுன்'.

இந்த 112-தான் ஆளை அலைக்கழிக்கும். கேபிளை மாற்றலாமா, ரவுட்டரை அணைத்துப் போடலாமா என்று தோன்றும். ஆனால் பிங் அடித்தால் பதில் ஒழுங்காக வருகிறது. என்சி கட்டளையில், கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட்டைச் சோதித்தால் திறந்திருக்கிறது. ஆக, ரவுட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. மறுபடி டிமெசேஜைத் திறந்தால் விஷயம் அங்கேயே எழுதியிருக்கிறது: பதிப்பு எதையும் குறிப்பிடாததால் எஸ்எம்பி (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் நெறிமுறை) 2.1 அல்லது அதற்கு மேல்தான் முயல்வேன், பழைய சர்வர் என்றால் 'வெர்ஸ்=1.0' கொடு. என் ரவுட்டருக்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும்.

பதிப்பைச் சொல்லாவிட்டால் எஸ்எம்பி 1-ஐ முயலாமல் விடும் இந்த மாற்றம் 2017 செப்டம்பரில் வந்த 4.13 கெர்னலிலேயே நடந்துவிட்டது. அதே ஆண்டு மே மாதம்தான் விண்டோஸின் எஸ்எம்பி 1 ஓட்டை வழியாக வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சுநிரல் உலகம் முழுக்கப் பரவியது. கெர்னல்காரர்கள் செய்தது சரி என்பதே என் எண்ணம். பழைய கெர்னலுக்கே திரும்பிப் போவது தீர்வே இல்லை. ஒரு டிஸ்க்குக்காக மற்ற பாதுகாப்புத் திருத்தங்களை எல்லாம் இழக்க வேண்டிவரும்.

'வெர்ஸ்=1.0' கொடுத்ததும் மவுண்ட் ஆகிவிட்டது. கூடவே 'ஆர்ஓ' சேர்த்து, படிக்க மட்டும் திறந்து, எல்லாவற்றையும் நகலெடுத்தேன். அந்த வரியை அப்படியே நிரந்தரமாக விட்டுவைக்க மனம் வரவில்லை. ரிச்சி தெருவில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றை வாங்கி, டிஸ்க்கை அதற்கு மாற்றி, எஸ்எம்பி வழியாகக் கோப்புகளைப் பகிரும் சாம்பா மென்பொருளைப் போட்டேன். எஸ்எம்பி 1-ஐ ஏற்காதபடி அதன் அமைப்புக் கோப்பில் 'சர்வர் மின் புரோட்டோகால் = எஸ்எம்பி2'. என் கணினியின் எஃப்எஸ்டேப்பில் என் பயனர் எண்ணான 'யூஐடி=1000' சேர்க்கும்வரை எல்லாக் கோப்பும் ரூட் என்ற நிர்வாகியின் பெயரில் நின்றது, எதையும் எழுத முடியவில்லை. அதையும் சேர்த்த பிறகு, மவுண்ட் ஆனவற்றின் விவரம் காட்டும் ஃபைண்ட்மவுண்ட் கட்டளையை அடித்தால் 'வெர்ஸ்=3.1.1' என்று காட்டுகிறது. அடுத்து ரவுட்டரின் கோப்புப் பகிர்வை அணைக்க வேண்டும்.