வேலூர் கட்டுரைகளோடு ஒரு மார்ச் மாதம்

மார்ச் 4, 2025, செவ்வாய்

வலிப்போடு வந்தவர்களின் பழைய சி.டி. ஸ்கேன் பிலிம்களை எடுத்து, அளந்து, பதிவேட்டில் ஏற்றுவதுதான் இந்த மாதம் முழுக்க எனக்கு வேலை. பிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. பிரித்தால் சடசடவென்று சத்தம். விளக்குப் பெட்டியில் மாட்டியதும் சாம்பல் நிற மூளைக்குள் ஒரு வெள்ளை வளையம் தெரிகிறது. உள்ளே, நடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கி, ஒரு புள்ளி. அது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவத் தலை. வளையம், அதைச் சுற்றி உடல் எழுப்பிய அழற்சி. பிலிமின் ஓரத்து அளவுகோலோடு ஒப்பிட்டால் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. இந்த மிளகளவு சமாச்சாரம் வளர்ந்த ஆளைத் தூக்கித் தரையில் போட்டுவிடுகிறது.

மார்ச் 6, வியாழன்

1980-களில் நம் நாட்டில் இந்த வளையத்தைக் கண்டாலே காசநோய்க் கட்டி என்று பலரும் முடிவு கட்டினார்கள். காசநோய் மலிந்த ஊரில் அது நியாயமான சந்தேகம்தான். மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுப்பார்கள். பிறகு ஸ்கேன் எடுத்தால் கட்டி காணாமல் போயிருக்கும். மருந்து கேட்டது என்று எல்லோருக்கும் திருப்தி. மருந்தே சாப்பிடாதவர்களுக்கும் காணாமல் போனதுதான் உறுத்தல்.

வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் சிலருடைய கட்டியை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பலவற்றில் இருந்தது காசநோய் அல்ல, புழு. 1993-இல் ‘ஜர்னல் ஆஃப் நியூரோசர்ஜரி’யில் வந்த அவர்களின் கட்டுரையை இன்று மீண்டும் படித்தேன். கட்டி புழுவால் வந்தது என்று முடிவு செய்ய அவர்கள் வகுத்த விதிகள் அதில் இருக்கின்றன: கட்டி ஒன்றே ஒன்றாக இருக்கவேண்டும், 20 மி.மீ.க்கு மேற்படக் கூடாது, சுற்றியுள்ள வீக்கம் மூளையின் நடுக்கோட்டைத் தள்ளியிருக்கக் கூடாது. நோய் வலிப்பில் தொடங்கியிருக்கவேண்டும். மண்டைக்குள் அழுத்தம் நீடிப்பதோ, கை கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடுவதோ, உடலில் வேறு நோய் முற்றியிருப்பதோ கூடாது. இத்தனையும் பொருந்தினால் தலையைத் திறக்கவேண்டாம், காசநோய் மருந்தும் வேண்டாம். வலிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, சில மாதங்கள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும்.

எங்கள் துறையில் எத்தனை அறுவை செய்தார் என்றுதான் ஒருவரைப் பற்றிப் பேசுவார்கள். எத்தனை அறுவையைத் தேவையில்லாமல் ஆக்கினார் என்று கேட்டால், இந்தக் கட்டுரைக்குத்தான் என் ஓட்டு.

மார்ச் 7, வெள்ளி

மேத்யூ சாண்டியின் தந்தை ஜேக்கப் சாண்டி. மான்ட்ரியலில் வலிப்பு அறுவையின் முன்னோடி வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்து, 1949-இல் வேலூரில் நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியவர். வலிப்புக்கு இந்தியாவில் நடந்த முதல் அறுவையும் 1952-இல் அவர் செய்ததே. மகன் பெயர் அறுக்காமல் விட்ட கதையில் வருவது எனக்குப் பிடித்திருக்கிறது.

மார்ச் 12, புதன்

புறநோயாளிப் பிரிவில் ஓர் அம்மாவும் கல்லூரியில் படிக்கும் மகளும். ‘பன்றிப் புழு’ என்று பெரிய டாக்டர் சொன்னதும் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

“எங்கள் வீட்டில் முட்டைகூட ஏறாது, டாக்டர்.”

சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்றவரின் குடலில் வளர்வது முழு நாடாப்புழு. அவருடைய மலத்தோடு வெளியேறும் புழு முட்டை யாருடைய வயிற்றுக்குள்ளாவது போனால்தான் மூளையில் இந்த வளையம். அவர் கை கழுவாமல் நறுக்கிய கொத்தமல்லி போதும். சாப்பிடுகிறவர் சைவமா அசைவமா என்று அந்த முட்டை விசாரிப்பதில்லை. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அம்மா முழுதும் நம்பியதாகத் தெரியவில்லை.

மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அம்மா கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார். இந்துத் திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த வலிப்பை 1999-இல் நீக்கிவிட்டார்கள். சட்டம் விட்டுவிட்டது, தரகர்கள் விடவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

ராஜசேகர் குழு வேலூர் மாவட்டத்தில் 50,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய கணக்கெடுப்பு 2006-இல் வெளியானது. வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவின் தடயம். கழிப்பறையும் சோப்பும் இருந்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடிய வலிப்பு இது.

மார்ச் 27, வியாழன்

மறு ஸ்கேனுக்கு ஒரு லாரி கிளீனர் வந்திருந்தார். இருபதைத் தாண்டியிருப்பார். வளையம் போய்விட்டது, அந்த இடத்தில் சுண்ணாம்பு படிந்த ஒரு தழும்பு. சுத்தமாகக் கரைந்தவர்களுக்கு மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம். இப்படித் தழும்பு தங்கியவர்களுக்கு வலிப்பு திரும்பும் வாய்ப்பு கூடுதல். மாத்திரை தொடரவேண்டும் என்றார் டாக்டர்.

“டிரைவர் லைசென்ஸ் எடுக்கலாம் என்று இருந்தேன், சார்.”

“அந்த எண்ணமே வேண்டாம், தம்பி.”

“கிளீனராகவே இருக்கலாமா?”

“இருக்கலாம். லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டுகிற வேலையை மட்டும் செய்யாதே.”

“கிளீனருக்கு முதல் வேலையே அதுதான், சார்” என்றார் அவர்.