சுவருக்குள் இருக்கும் பாதி வேலை

எங்கள் வீட்டில் தண்ணீர் லைன் முழுக்கப் பழைய ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப். எல்லாம் சுவருக்குள் புதைந்திருக்க, வெளியே தெரிவது பித்தளைக் குழாய்கள் மட்டும்தான். அவற்றில் சில சொட்டின. சிலவற்றைத் திருப்ப இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்று இறங்கினோம்.

சொட்டுகிற குழாயெல்லாம் தூக்கிப்போட வேண்டிய குழாய் அல்ல. பழைய மாடலில் தலைப்பகுதியைக் கழற்றினால் அடியில் ஒரு ரப்பர் வாசர் இருக்கும். அது தேய்ந்திருந்தால் புதிது போட்டாலே போதும். வாசர் போய் உட்காரும் பித்தளை விளிம்பு அரித்திருந்தால்தான் என்ன செய்தாலும் சொட்டும். விரலை விட்டுத் தடவினாலே சொரசொரப்பு தெரிந்துவிடும். தோட்டத்துக் குழாய் இப்படி ஒரு வாசரோடு பிழைத்துக்கொண்டது.

தண்ணீரை நிறுத்துவதே தனி வேலையாகிவிட்டது. தொட்டியிலிருந்து இறங்கும் லைனில் இருந்த கேட் வால்வைத் திருகத் திருக, அது சுற்றியதே தவிர தண்ணீர் நிற்கவில்லை. பல வருஷம் யாரும் தொடாத கேட் வால்வு அப்படித்தான்: உள்ளே தகடு அரித்திருக்கும், அல்லது அடியில் கசடு படிந்து தகடு முழுதாக இறங்காது. தொட்டியைக் காலி செய்து, இருப்பதிலேயே தாழ்வான குழாயைத் திறந்துவிட்டு லைனை வடித்தோம். கையோடு அந்த வால்வை எடுத்துவிட்டு ஒரு பால் வால்வு (உள்ளே துளையிட்ட உருண்டை இருக்கும், கால் சுற்றில் மூடும் வால்வு) போட்டாயிற்று. மற்ற எதற்கும் முன்னால் இதைச் செய்துவிடுவது நல்லது. சுவருக்குள் ஏதாவது உடைந்தால் ஓடிப்போய் மூட ஓர் இடம் வேண்டுமே!

அப்புறம்தான் அசல் வேலை. பித்தளைக் குழாய் இரும்பு எல்போவுக்குள், அதாவது பைப் முனையில் உள்ள வளைவுத் துண்டுக்குள், மரையிட்டு (திருகுப் புரியால்) இறங்கியிருக்கிறது. இரண்டு உலோகமும் ஈரத்தில் சேர்ந்திருக்கும் அந்த இடத்தில்தான் துரு அதிகம். பைப் வெளியே தெரிந்தால் ஒரு ரெஞ்சால் பைப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் குழாயைத் திருகலாம். புதைந்த எல்போவைப் பிடிக்க வழியில்லை. துரு இளக்கும் எண்ணெயை மரை ஓரமாக விட்டு இரவு முழுக்க ஊறவிட்டோம். மறுநாள் வந்த பிளம்பர், ரெஞ்சை மாட்டியதும் இறுக்கும் பக்கமாக ஒரு சின்ன அசைவு கொடுத்தார். "முதல்ல இறுக்குங்க சார், துரு விட்டுக்கொடுக்கும். அப்புறம் கழட்டுங்க" என்றார். கறக் என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு சுலபமாகச் சுற்றியது. குழாய் மட்டும் திரும்புகிறதா, எல்போவும் சேர்ந்து திரும்புகிறதா என்று கவனிக்க வேண்டும். பூச்சில் கீறல் விழ ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டியதுதான்.

குளியலறைக் குழாய் ஒன்று கழுத்தோடு முறிந்து வந்தது, மரைப் பகுதி உள்ளேயே தங்கிவிட்டது. முறிந்த இடத்தைப் பார்த்தேன். பித்தளைக்குரிய மஞ்சள் இல்லை. செம்பு மாதிரி சிவந்து, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. பித்தளையில் உள்ள துத்தநாகம் வருஷக்கணக்காகத் தண்ணீரில் கரைந்து போனால் மிஞ்சுவது இந்தச் சிவந்த சல்லடைதான். பிளம்பர் ஹாக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே தங்கிய அந்த மரை வளையத்தில் இரண்டு வெட்டு போட்டார். எல்போவின் மரையைத் தொடாமல், வளையத்தின் கனம் வரைக்கும் மட்டும். பிறகு சின்ன உளியால் உள்பக்கமாக மடக்கி எடுத்தார். சுவரை உடைக்காமல் தப்பியது அந்தக் கைப்பக்குவத்தால்தான்.

புதிது மாட்டும்போது இன்னொரு சிக்கல். இடையில் யாரோ பழைய பூச்சின் மேலேயே டைல்ஸ் ஒட்டியிருந்ததால் எல்போவின் வாய் உள்ளே போய்விட்டது, குழாயின் மரை எட்டவில்லை. ஒரு குச்சியை விட்டு ஆழம் அளந்து, அதற்குத் தக்க எக்ஸ்டென்ஷன் நிப்பிள் (இடைவெளியை நீட்டும் மரைத் துண்டு) வாங்க வேண்டியிருந்தது.

கசியாமல் இருக்க மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்பை, மரை நம்மைப் பார்த்திருக்கும்படி பிடித்துக்கொண்டு வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் திருகும்போதே பிரிந்து வரும். குழாய் நேராக நின்றதும் நிறுத்திவிட வேண்டும்; கொஞ்சம் தாண்டிவிட்டதே என்று பின்னால் திருப்பினால் கசியும். அப்படி ஆனால் கழற்றி, புது டேப் சுற்றித் திரும்ப மாட்டுவதுதான் வழி. மரை தேய்ந்திருந்த இரண்டு இடங்களில் பிளம்பர் டேப்பை நம்பவில்லை. சணல் நாரைச் சுற்றிப் பேஸ்ட் தடவினார். பழைய இரும்பு மரைக்கு எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

புதுக் குழாய்களை மாட்டும் முன் லைனை வெறுமனே ஓடவிட்டோம். காப்பி நிறத்தில் துருத் தண்ணீர் வந்தது, கூடவே செதில் செதிலாகக் கசடு. கால் சுற்றில் திறக்கும் புது மாடலுக்குள் செராமிக் தட்டுகள் இருக்கின்றன. மணல் போன்ற துகள் சிக்கினால் அவற்றில் கீறல் விழும். வாயில் உள்ள வலை வடிகட்டியையும் சில நாள் கழற்றியே வைத்திருந்தோம்.

வாங்கும்போதே யோசிக்க வேண்டியது அழுத்தம். தொட்டி குழாய்க்கு 10 மீட்டர் மேலே இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தின் அளவு) கிடைக்கும். மாடிக் குளியலறைக்கு 3 மீட்டர் மேலேதான் எங்கள் தொட்டி, கிடைப்பது 0.3 பார். நுரைபோல ஊற்றும் குழாயை அங்கே மாட்டிப் பார்த்தபோது நூல் மாதிரி வந்தது. அதைக் கீழ்த்தள வாஷ்பேசினுக்கு மாற்றிவிட்டு, மாடியில் வலை இல்லாத சாதாரண அகல வாய்க் குழாயே போட்டோம். வாளி சீக்கிரம் நிறைகிறது.