முட்டை இல்லாமலே உருட்டும் வாத்து

கூட்டுக்கு வெளியே முட்டை உருண்டுபோனால், அடைகாக்கும் சாம்பல் காட்டு வாத்து கழுத்தை நீட்டி, அலகை முட்டைக்கு அப்பால் வைத்து, மார்பை நோக்கி உருட்டி இழுக்கும். முட்டை பக்கவாட்டில் நழுவினால் தலையை அந்தப் பக்கம் திருப்பிச் சரிசெய்யும். பாதி வழியில் முட்டையை எடுத்துவிட்டால்? தலையை ஆட்டுவது நின்றுவிடும்; இழுப்பது நிற்காது. வெறும் தரையில் கூடு வரை இழுத்து முடித்த பிறகே ஓயும். 1938-இல் விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் கோன்ராட் லோரன்ஸும் நிகோ டின்பெர்கனும் விவரித்தது இது.

இழுப்பு பிறவியிலேயே அமைந்தது, தொடங்கினால் முடிந்தே தீரும். தலையைத் திருப்புவதோ அலகில் படும் முட்டையின் தொடுகையை நம்பி நடப்பது. கற்காமலே வரும் செயலை இயல்பூக்கம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம்; அதற்குள் இப்படிப் பல பாகங்கள் இருக்கின்றன.

இயல்பூக்கத்தைத் தூண்டிவிடும் அடையாளமும் மிக எளிமையானது. கடற்காக்கைக் குஞ்சு இரை கேட்டுக் கொத்துவது தாயின் கீழ் அலகில் உள்ள சிவப்புப் புள்ளியை. வெள்ளைப் பட்டை போட்ட மெல்லிய சிவப்புக் குச்சியை நீட்டினால் இன்னும் வேகமாகக் கொத்துகிறது. ஆமைக் குஞ்சுக்குக் கடல் தெரியாது. இரவில் தாழ்வாக வெளிச்சமாகத் தெரியும் பக்கம் நகரத்தான் தெரியும். கரையில் விளக்கு எரிந்தால் சாலைக்குப் போய்ச் சாகிறது. குஞ்சின் மேல் பிழையில்லை, அடையாளம்தான் இடம் மாறிவிட்டது.

ஒரு செயல் பிறவியிலேயே வந்ததா என்று பார்க்க, குட்டியைத் தனியே வளர்த்துப் பார்ப்பது பழைய வழி. அதில் ஒரு பொறி உண்டு: நாளாக நாளாகத் திருந்தும் செயலைக் கற்றது என்று நினைத்துவிடுவோம். உளவியலாளர் எக்கார்ட் ஹெஸ் கோழிக்குஞ்சுகளுக்குக் காட்சியை ஒரு பக்கம் தள்ளிக் காட்டும் பட்டகக் கண்ணாடி மாட்டினார். சில நாளில் கொத்துகள் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்தன. ஆனால் தானியத்தை விட்டுத் தள்ளியே விழுந்தன. தசை முதிர்ந்தது, குறி திருந்தவில்லை.

மனிதக் குழந்தையிடம் இதற்கு நெருக்கமானவை பிறந்தவுடன் வரும் அனிச்சைச் செயல்கள். கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் வாயைத் திருப்பும். தலை சற்றே பின்னால் சாய்ந்தால் இரு கைகளையும் விரித்து மடக்கும். இந்தக் கை விரிப்பு பெரும்பாலும் 4 முதல் 6 மாதத்துக்குள் மறையும். ஒரு கை மட்டும் விரிந்தால் தோள் நரம்பிலோ காறை எலும்பிலோ அடிபட்டிருக்கலாம் என்று மருத்துவர் பார்ப்பார். 6 மாதம் தாண்டியும் நீடித்தால் நரம்பு வளர்ச்சியைச் சோதிப்பார்.

'பாம்பு பயம் பிறவியிலேயே வந்தது' என்பார்கள். அத்தனை நேரடியானதல்ல. ஆய்வகத்தில் வளர்ந்த ரீசஸ் குரங்குகள் முதலில் பாம்புக்கு அஞ்சவில்லை என்பதை உளவியலாளர் சூசன் மினேகா 1980-களில் காட்டினார். வேறொரு குரங்கு பாம்பைக் கண்டு அலறும் வீடியோவைப் பார்த்த பிறகு பயம் தொற்றிக்கொண்டது. அதே அலறலைப் பூவுக்கு எதிரே வருவதுபோல வெட்டி ஒட்டிக் காட்டியபோது பூ பயம் வரவில்லை. பிறவியில் வருவது பயமல்ல, எதற்குச் சட்டென்று பயப்படக் கற்கலாம் என்ற சாய்வு. மனிதர்களிடமும் இப்படித்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.