ஆகஸ்ட், வார்டு வராண்டா

ஆகஸ்ட் 3
காய்ச்சல் இறங்கவில்லை.

ஆகஸ்ட் 4
ராத்திரி முழுக்க பெஞ்சில். அப்பா பையிலிருந்த ரோம வரலாறுதான் துணை. ஓரமெல்லாம் அவருடைய பென்சில் கோடு. கி.மு. 133, டைபீரியஸ் கிராக்கஸ். பொது நிலத்தை ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்த ட்ரிப்யூன், அதாவது சாதாரண மக்களின் பிரதிநிதி. மறுபடி தேர்தலில் நின்றதற்கு, செனட் என்ற மேட்டுக்குடி சபையின் உறுப்பினர்களே உடைந்த பெஞ்சுக் கால்களால் அடித்துக் கொன்றார்கள். தம்பி கேட்டும் உடலைத் தரவில்லை. டைபர் ஆற்றில் போட்டுவிட்டார்கள்.

தம்பி கேட்டும் தரவில்லை.

ஆகஸ்ட் 5
சாவிக்கொத்து எங்கே என்று கேட்டார் அப்பா. அண்ணனிடம் இருக்கிறது என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

ஆகஸ்ட் 7
ரோமக் குடியரசு சீசரால் கெட்டது என்றுதான் பள்ளியில் படித்தோம். எனக்கென்னவோ அவருக்கு முந்திய தளபதி சுல்லாவிடமே முடிந்துபோனதாகப் படுகிறது. கி.மு. 88இல் சொந்த நகரத்தின் மேலேயே படை நடத்தி வந்தார். அதிகாரிகளில் ஒருவரைத் தவிர எல்லாரும் விலகிப் போனார்கள், சிப்பாய்கள் போகவில்லை. நிலமில்லாதவர்களையும் மாரியஸ் என்ற தளபதி படையில் சேர்த்து 19 வருஷம் ஆகியிருந்தது. அவர்களுக்குக் காணி கிடைத்தால் தளபதி கையால்தான், செனட் கையால் இல்லை. அவர்களை எப்படிக் குறை சொல்வது?

கி.மு. 82இல் கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியலை ஊர் மன்றத்தில் வைத்தார். யார் பெயர் இருக்கிறதென்று பார்க்கப் போன ஒருவர் தன் பெயரையே படித்தார். ஆல்பாவில் இருக்கும் என் பண்ணைதான் என்னைத் துரத்துகிறது என்றாராம். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை.

ஆகஸ்ட் 8
மழை. அரை இட்லி சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 10
பேச்சாளர் சிசரோவின் தலையையும் கைகளையும் அவர் பேசிய மேடையிலேயே வைத்தார்கள். எழுதிய கைகள். இன்றைக்கு இதற்கு மேல் படிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 12
பேங்க் வேலையெல்லாம் அண்ணனே பார்த்துக்கொள்கிறார். "எல்லாம் அப்பா பேர்லதானே இருக்கு" என்கிறார். இருக்கிறதுதான்.

ஆகஸ்ட் 13
தூக்கம் வரவில்லை. கி.மு. 27 ஜனவரி. எல்லா அதிகாரத்தையும் திருப்பித் தருகிறேன் என்று செனட்டில் சொன்னார் சீசரின் தத்துப்பிள்ளை ஆக்டேவியன். அவர்கள் விடவில்லை. ஸ்பெயின், கால் (இன்றைய பிரான்ஸ் பக்கம்), சிரியா, அதாவது பெரும்பாலான படைகள் நின்ற மாகாணங்கள், அவரிடமே வந்தன. மூன்று நாள் கழித்து அகஸ்டஸ் என்ற பட்டம். வருஷாவருஷம் கான்சல்கள் என்ற தலைமை அதிகாரிகள் வந்தார்கள், செனட் கூடியது. ராஜா என்று யாரும் சொல்லவில்லை.

கி.மு. 23இல் சாகக் கிடந்தார். முத்திரை மோதிரத்தைக் கழற்றி நண்பர் அக்ரிப்பாவிடம் கொடுத்துவிட்டார். மூசா என்ற வைத்தியர் குளிர்ந்த நீரால் பிழைக்க வைத்தார். எழுந்ததும் கான்சல் பதவியை விட்டார். ட்ரிப்யூனின் அதிகாரத்தை ஆயுளுக்கும் வாங்கிக்கொண்டார். பதவி வேண்டாம், அதிகாரம் மட்டும். கிராக்கஸை அடித்துக் கொன்றபோது அவர் வகித்த அதே பதவி! இந்த இடத்தில் அப்பாவின் பென்சில் இரண்டு கோடு போட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 14
ஈரத்துணி மாற்றி மாற்றிக் கை மரத்துவிட்டது. 102.

ஆகஸ்ட் 15
இந்த மாதத்துக்கு முன்பு செக்ஸ்டிலிஸ் என்றுதான் பேர். கி.மு. 8இல் மாற்றினார்கள். தினமும் தேதி போடும்போது அகஸ்டஸ் பெயரைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 16
அகஸ்டஸ் செத்தது கி.பி. 14இல். குடியரசைக் கண்ணால் பார்த்தவர்கள் அப்போது எத்தனை பேர் மிஞ்சியிருந்தார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கேட்கிறார். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டாரா தெரியவில்லை. விரல் மட்டும் போர்வையின் மேல் எதையோ தேடியது.

ஆகஸ்ட் 17
சாவியை அண்ணனிடம் கேட்டு வாங்கிவர வேண்டும். 11 மணிக்கு ஸ்கேன். தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாதாம்.