ஜிஎம் சேர்ந்த பிறகு குரூப்பில் யாரும் பேசுவதில்லை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் உற்பத்திப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஷிஃப்ட் லாக் புக்கை சூப்பர்வைசர்தான் எழுதுவார், அதுவும் இங்கிலீஷில். மெஷினோடு எட்டு மணி நேரம் நிற்கிற ஆபரேட்டர் அதில் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. ராத்திரி முழுக்க மல்லுக்கட்டியிருப்பார்கள். காலையில் போய்ப் பார்த்தால் 'மெஷின் ஸ்டாப்டு, அட்டெண்டெட், ஓகே' என்று இருக்கும்.

வாட்ஸ்அப் குரூப் வந்ததும் முதலில் மாறியது இதுதான். எழுதக் கூச்சப்பட்டவர்கள் பேச ஆரம்பித்தார்கள். "அண்ணே, லேத்துல ஸ்பிண்டில் பக்கம் ஒரு சத்தம் வருது, கேட்டுப் பாருங்க" என்று வாய்ஸ் மெசேஜ் வரும். கூடவே அந்தச் சத்தமும் பதிவாகியிருக்கும். வீட்டில் இருக்கும் மெயின்டனன்ஸ் அண்ணன் அதைக் கேட்டுவிட்டு பேரிங்கா, பெல்ட்டா என்று ஓரளவு சொல்லிவிடுவார். லாக் புக்கில் சத்தத்தை எப்படி எழுதுவது? (லைனில் செல்போன் கூடாது, லாக்கரில் வைக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. உடனே போட்டோ அனுப்பு என்பது மேனேஜர் உத்தரவு. இரண்டும் ஒரே சுவரில் ஒட்டியிருக்கின்றன.)

அப்புறம் ஜிஎம் (ஜெனரல் மேனேஜர்) சாரையும் குரூப்பில் சேர்த்தார்கள். அவர் நல்ல எண்ணத்தில்தான் வந்தார். ஆனால் ரிஜெக்ட் ஆன பாகத்தின் போட்டோ வந்த அடுத்த நிமிஷமே, "யார் ஷிஃப்ட்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அதோடு போட்டோ வருவது குறைந்தது. இப்போது அந்தக் குரூப்பில் இருப்பது குட் மார்னிங், பிறந்தநாள் கேக், ஆடிட் முடிந்ததற்குக் கைதட்டல். கூடவே வரிசையாகக் கட்டைவிரல்கள். அந்தக் கட்டைவிரலுக்கு 'பார்த்தேன்' என்று பொருளா, 'செய்கிறேன்' என்று பொருளா என்பது போட்டவருக்கே தெரியாது.

உண்மையான பேச்சு வேறொரு குரூப்புக்குப் போய்விட்டது. அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். என்னைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டதில்லை. கேட்டால் மூன்றாவதாக ஒன்று முளைக்கும். ஜிஎம் சாரோ, லைனில் நடப்பதெல்லாம் தன் போனில் தெரிகிறது என்று முழுதாக நம்புகிறார். ஒன்றுமே தெரியாமல் இருந்த காலத்தில் அவர் தினமும் ஒரு தடவை கீழே இறங்கி வருவார். அது நின்றுபோனதுதான் பெரிய நஷ்டம்.

ஊழியர்கள் தகவலைப் பகிர்ந்துகொள்ளும் மென்பொருள்கள் நிறுவனங்களுக்குள் பரவத் தொடங்கிய 2006-ல், அப்போது ஹார்வர்டில் இருந்த ஆய்வாளர் ஆண்ட்ரூ மெக்காஃபி ஒரு வேறுபாட்டைச் சொன்னார். மின்னஞ்சல், மெசேஜ் போன்றவற்றில் போய்ச் சேர்வது அனுப்பியவருக்கும் பெற்றவருக்கும் மட்டும்தான் தெரியும். இன்னொரு வகையில் எழுதியது அங்கேயே நிற்கும், பிறகு வருகிறவரும் தேடி எடுக்கலாம். வார்டு கன்னிங்ஹாம் என்ற புரோகிராமர் 1995-ல் போட்ட விக்கி, அதாவது பலரும் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையதளம், இந்த இரண்டாவது வகை. நாங்கள் முதல் வகையை வைத்துக்கொண்டு இரண்டாவது வகை வேலையை எதிர்பார்த்தோம். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொன்ன அந்த வாய்ஸ் மெசேஜ்கள் எத்தனையோ பேருடைய பழைய போன்களோடு போய்விட்டன. புதிதாகச் சேர்ந்த பையன் அதே மெஷினில் அதே கோளாறை முதலிலிருந்து தேடுகிறான்.

நடுவில் நிர்வாகம் காசு கொடுத்து ஆபீஸ் ஆப் ஒன்றும் வாங்கியது. இந்தச் சந்தை சாதாரணமானதல்ல. ஆபீஸுக்குள் பேசிக்கொள்ளும் ஆப் செய்த யாம்மர் என்ற நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2012-ல் 120 கோடி டாலருக்கு வாங்கியது. எங்கள் ஆப்பும் நன்றாகத்தான் இருந்தது, தேடும் வசதியும் உண்டு. உள்ளே நுழைய கம்பெனி மெயில் ஐடி வேண்டும். ஆபரேட்டர்களுக்கு மெயில் ஐடி கிடையாது. சரி, அதோடு அந்தக் கதை முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மெசேஜ் பற்றித் தனியாகப் புலம்பலாம். வேலை நேரம் முடிந்தால் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பிரான்ஸில் 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. எங்கள் கேன்டீனில் இதைச் சொன்னேன், சிரித்தார்கள்.

இப்போது லைனில் ஒரு டேப்லெட் வைத்திருக்கிறோம். எந்த மெஷின், என்ன கோளாறு, எப்படிச் சரியானது என்று அப்ரண்டிஸ் பையன் தமிழில் சுருக்கமாக அடிக்கிறான். மெஷின் நம்பரைப் போட்டால் பழையதெல்லாம் வரும். ஆபரேட்டர் வாயால் சொல்வதைத்தான் அவன் அடிக்கிறான். யார் ஷிஃப்ட் என்று மட்டும் போடுவதில்லை. ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் பையன்கள் இந்தியில் சொல்கிறார்கள். அதற்கு இன்னும் வழி பிடிபடவில்லை. ஜிஎம் சாருக்கு இதைத் திறந்துவிடுவதா வேண்டாமா என்ற பேச்சும் ஓடிக்கொண்டிருக்கிறது. திறந்துவிடலாம் என்பது என் கட்சி. பதில் எழுதும் வசதியை மட்டும் கொடுக்கக் கூடாது.